ஈரக்காற்றில் கண்ணாடிப் பளபளப்பு: குமரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் மாடல் கார்களுக்கு ஏர்பிரஷ் பெயிண்ட் அடிக்க முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் மாடல் கார் பெயிண்ட் கெடுவது பெரும்பாலும் காற்றில் இருக்கும் தண்ணீரால்தான். ஆனி ஆடியில் தென்மேற்குச் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டம் இது. மழை இல்லாத நாளிலும் கடல்காற்று விடாது. கிட் பெட்டிக்குள் வரும் விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வறண்ட ஊர்க்காரர்கள் சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொண்டு குளச்சலிலோ முட்டத்திலோ உட்கார்ந்து லாக்கர் (தின்னர் கலந்து அடிக்கும், சட்டென உலரும் பெயிண்ட்) அடித்தால், கருப்பு கார் அரை நிமிடத்தில் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது 1/24 அளவு (நிஜ காரில் 24இல் ஒரு பங்கு) கார் கிட், ஒரே நிறம், கண்ணாடிபோன்ற பளபளப்பு. 1/25 அளவு அமெரிக்க கிட்களுக்கும் இதே முறைதான். மழையில்லாத காலத்தில் பாடி வேலைக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மழைக்காலமென்றால் மூன்று.

நாளும் நேரமும்

ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி, பெயிண்ட் அடிக்கும் மேசையிலேயே வையுங்கள். ஏர்பிரஷ்ஷுக்கு அடுத்தபடியாக முக்கியமான கருவி அதுதான். 65 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எதையும் அடிக்கலாம். 65 முதல் 80 வரை என்றால் மெதுவாக உலரும் தின்னர் தேவை. 80ஐத் தாண்டினால் பளபளப்புப் பெயிண்ட் வேண்டாம். உள்ளலங்காரம், சேசிஸ் போன்ற மங்கல் நிற வேலைகளைச் செய்யுங்கள்.

காற்றில் உள்ள தண்ணீரின் அளவு மாறாவிட்டாலும், வெயில் ஏறினால் ஈரப்பத சதவீதம் இறங்கும். அதனால் பகல் 11 முதல் 3 மணிவரை நல்ல நேரம். அதிகாலையும் பொழுது சாய்ந்த பிறகும் மோசம். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு கிளியர் (நிறத்தின் மேல் பூசும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) அடிக்க உட்காருகிறவர்களுக்குத்தான் அதிகமாக வெள்ளை பூக்கிறது. தை, மாசி மாதங்கள் பொதுவாகத் தொந்தரவில்லாதவை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. காற்றாலைகளைச் சுழற்றும் அதே கணவாய்க் காற்று புழுதியையும் கொண்டுவரும். தென்மேற்குப் பருவத்தில் ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிப்பது பெயிண்டர்களின் பழைய பழக்கம். இங்கே அது தேவையில்லை, அறையின் ஈரப்பதத்தைக் கூட்டவே செய்யும். ஒரு மணி நேரம் முன்னதாக ஈரத்துணியால் துடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டால் போதும். ஏசி இருந்தால் அந்த ஒரு மணி நேரமும் டிரை மோடில் ஓடட்டும்.

கம்ப்ரசருக்குள் சேரும் தண்ணீர்

வேண்டியது 3 லிட்டர் டேங்க் உள்ள சிறிய ஏர்பிரஷ் கம்ப்ரசர். டேங்க் இல்லாத வகை இந்த ஊருக்கு ஒத்துவராது. காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் தண்ணீரைத் தாங்கும். 80 சதவீத ஈரப்பதம் என்றால் 24 கிராம் இருக்கிறது. கம்ப்ரசர் அந்தக் காற்றை மீட்டரில் 4 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னும் நான்கு மடங்கு) காட்டும்வரை அழுத்தும்போது கொள்ளளவு ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. அறை வெப்பத்துக்கு ஆறியபின் அதில் 6 கிராம்தான் நிற்கும். மீதி 18 கிராம் நீராக இறங்கியே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்று பிடிக்கும் ஏர்பிரஷ்ஷை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் தண்ணீர் சேரும். அது டேங்க்கில் இறங்காவிட்டால் உங்கள் கார் பானட்டில் இறங்கும்.

ஆகவே டேங்க்கின் அடியிலுள்ள வால்வை 20 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து தண்ணீரை விடுங்கள். ரெகுலேட்டருடன் வரும் ஃபில்டர் போதாது. ஏர்பிரஷ்ஷின் அடியில் பொருத்தும் சிறிய ஈரப்பொறி ஒன்றும் சேருங்கள். ஹோஸ் 3 மீட்டராவது இருக்கட்டும். கம்ப்ரசர் கையைச் சுடும் அளவுக்குச் சூடானால் காற்று ஆறாமலே வெளியேறி, ஹோஸுக்குள் போய்த் தண்ணீராகும். அப்போது பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

ஏர்பிரஷ் இரட்டைச் செயல் வகை (ட்ரிக்கரை அழுத்தினால் காற்று, பின்னே இழுத்தால் பெயிண்ட்), மேலே கப் உள்ளது. நாசில் 0.3 மி.மீ. ஒன்றே நிறம், பிரைமர், கிளியர் மூன்றுக்கும் போதும். கிளியருக்கு மட்டும் 0.5 இருந்தால் வேலை சுலபம். அழுத்தத்தை ட்ரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காற்று போகும்போது பார்த்து வையுங்கள். சும்மா நிற்கும்போது 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காட்டும் மீட்டர் காற்று போகையில் 15க்கு இறங்கிவிடும்.

மூக்கில் கட்டும் துணி மாஸ்க்கும் அறுவை சிகிச்சை மாஸ்க்கும் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் தூசி ஃபில்டரும் உள்ள அரைமுக மாஸ்க் வேண்டும். ஆவி வெளியே போக எக்ஸாஸ்ட் வையுங்கள்; அருகில் விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எதுவும் கூடாது.

பாடியைத் தயார்செய்தல்

அச்சிலிருந்து எளிதில் கழல பூசிய எண்ணெய் சில கிட்களில் பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும். நம் கையில் தேங்காய் எண்ணெயும் இருக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோ, நேந்திரங்காய் வற்றல் தின்ற விரலோ பாடியில் பட்டால், அந்த இடத்தில் பெயிண்ட் விலகி வட்டக் குழிகளாக நிற்கும். கார் டேஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிகான் இதைவிட மோசம். அதை பெயிண்ட் அறையில் வைக்கவே வைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் விட்டு, பழைய மென்மையான பல்துலக்கியால் தேயுங்கள். கடைசி அலசலுக்குப் பேட்டரி தண்ணி (காய்ச்சி வடித்த நீர், ஆசிட் அல்ல) நல்லது. கிணற்று, போர் தண்ணீர் உலர்ந்தால் உப்புப் புள்ளி விழும். அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் பாடியைத் தொடாதீர்கள்.

கழுவும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று, மட்கார்டின் மேலும் கூரைத் தூண்களிலும் ஓடும். பிரைமர் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது, விரல்நகத்துக்குத் தெரியும். 400 வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட நைசு) அதை எடுத்து, 800, 1000 என்று ஏறுங்கள். பம்பர் தனியாக வந்தால், நிஜ காரில் அது பாடியோடு சேர்ந்ததா, தனியா என்று படம் பார்த்து முடிவுசெய்து ஒட்டுங்கள்.

கதவு, பானட், டிக்கி ஓரக் கோடுகளை ஸ்க்ரைபர் ஊசியால் ஆழமாக்குவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிரைமர், நிறம், கிளியர் என்று ஆறேழு கோட் (பூச்சு அடுக்கு) விழுந்தபின் கிட்டில் இருந்த கோடு பாதி நிரம்பிவிடும். கதவு வரைந்து வைத்ததுபோல் தெரியும் கார்களெல்லாம் இப்படி வந்தவைதான். அழுத்தாமல், பழைய பள்ளத்திலேயே ஐந்தாறு முறை இழுங்கள். ஊசி வழுக்கினால் சயனோ பசையால் (நொடியில் ஒட்டும் பசை) கீறலை நிரப்பி, அரை மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள்வரை விட்டால் பசை பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் மட்டும் தேயும்.

பிடித்துக்கொள்ள, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மணல் நிரப்பி மூடி இறுக்கி, அதன் மேல் இருபக்க டேப்பால் கூரையின் உட்புறத்தை ஒட்டுங்கள். கனமாக இருப்பதால் சாயாது.

பிரைமர்

மிஸ்டர் சர்ஃபேசர் 1500 போன்ற லாக்கர் பிரைமரை ஒரு பங்குக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு தின்னர் சேர்த்து, 18 முதல் 20 பிஎஸ்ஐயில் அடியுங்கள். மெல்லியதாக மூன்று கோட், இடையில் பத்து நிமிடம். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடியின் மேல் வெள்ளையோ மஞ்சளோ அடிப்பதாக இருந்தால், பிளாஸ்டிக்கின் சாயம் மேலே கசிந்து இளஞ்சிவப்பாகும். பிரைமருக்கு மேல் ஒரு கோட் வெள்ளி நிறம் அடித்தால் கசிவு நிற்கும்.

பிரைமர் உலர்ந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விட்டுப்போன கோடு, குழி, கீறல் எல்லாம் இப்போதுதான் முகம் காட்டும். சரிசெய்து, 1500 அல்லது 2000 வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து, தேய்ந்த இடத்தில் மறுபடி பிரைமர். இந்தச் சுற்று இரண்டு முறை வந்தால் வருத்தப்பட வேண்டாம். பளபளப்பு பள்ளம் மேட்டை மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும்.

பட்டறைகளில் கிடைக்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைவு, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்த ஆட்டோ பெயிண்ட் கடையிலும் கிடைக்கும். ஏர்பிரஷ் கழுவ அது போதும். பெயிண்டில் கலக்காதீர்கள், கிட்டின் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அரித்து மேற்பரப்பைப் பொரித்ததுபோல் ஆக்கும் கலவைகள் அதில் உண்டு. சந்தேகம் இருந்தால் மிஞ்சிய ஸ்ப்ரூ (கிட் பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

நிறம்

ஒரு பாடிக்கு 10 மி.லி. லாக்கர் பெயிண்ட் குப்பி ஒன்று பொதுவாகப் போதும். சிவப்பு, மஞ்சள் போன்ற அடிப்பரப்பை எளிதில் மூடாத நிறங்களுக்கு இரண்டு வாங்குங்கள். டாமியா எல்பி வரிசை என்றால் பெயிண்டும் தின்னரும் சரிபாதி. மிஸ்டர் கலர் என்றால் ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை. கப்பின் சுவரில் பெயிண்டை ஏற்றி விடுங்கள்: பால் வழிவதுபோல மெல்லிய படலம் விட்டு இறங்கினால் சரி. மோர்போல் ஒட்டி நின்றால் இன்னும் தின்னர் வேண்டும். படலமே இல்லாமல் ஓடினால் அதிகமாகிவிட்டது.

இங்கே லெவலிங் தின்னர் மட்டுமே பயன்படுத்துங்கள். அதில் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இருக்கிறது. சாதாரண தின்னர் சட்டென ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே நீர் பூப்பதுபோல காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். வெள்ளை பூப்பது இதனால்தான். மெதுவாக உலரும் தின்னரில் அந்தக் குளிர்ச்சி குறைகிறது, படிந்த ஈரமும் வெளியேற நேரம் கிடைக்கிறது. ஏற்கெனவே வெள்ளை பூத்துவிட்டால் தேய்க்கப் போகாதீர்கள். நல்ல வெயில் நேரத்தில், வெறும் லெவலிங் தின்னரை 15 பிஎஸ்ஐயில் மெல்லிய பனியாக ஒருமுறை அடித்தால் மேற்பரப்பு இளகி, ஈரம் வெளியேறி நிறம் திரும்பும். ஒரு கோட்டில் திரும்பாவிட்டால் அரை மணி நேரம் கழித்து இன்னொன்று. அதற்கு மேல் போனால் வழிந்துவிடும்.

முதல் கோட் 12 செ.மீ. தூரத்திலிருந்து, தூறல்போல். அடியில் பிரைமர் தெரிவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பத்து நிமிடம் கழித்து 8 செ.மீ.யில் இரண்டு நடுத்தர கோட். முதலில் ஓரங்கள், பேனல் கோடுகள், பம்பர் அடி, சக்கர வளைவு. பிறகு பெரிய பரப்புகள். மூலைகளைக் கடைசிக்கு வைத்தால் அங்கே பெயிண்ட் ஏறாமல், அதைத் துரத்தப் போய்க் கதவில் வழியும். கடைசி கோட் ஈரமாக: அடிக்கும்போதே விளக்கின் பிம்பம் பரப்பில் நகர்வது தெரிய வேண்டும். ஏர்பிரஷ் காருக்கு நேரே வரும் முன்னே பெயிண்டைத் திறந்து, காரைக் கடந்தபின் மூடுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே குளம் கட்டும்.

ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பு வந்தால், பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது, அல்லது தூரத்திலிருந்து அடிப்பதால் துளி காற்றிலேயே பாதி உலர்ந்து விழுகிறது. வழிந்தால் உடனே துடைக்காதீர்கள். முழுக்க உலரவிட்டு 1500ஆல் சமப்படுத்தி மறுபடி அடியுங்கள்.

சாம்பல் பிரைமரின் மேல் நேரடியாகச் சிவப்பு அடிக்காமல், இடையில் இளஞ்சிவப்பு ஒரு கோட் கொடுங்கள்; நிறம் துலங்கும், கோட் எண்ணிக்கையும் குறையும். மெட்டாலிக் நிறமென்றால் தனியாக உள்ள பானட், கண்ணாடிக்கூடு, பம்பர் எல்லாவற்றையும் அவற்றின் இடத்திலேயே தற்காலிகமாக வைத்து, ஒரே நேரத்தில், ஒரே திசையில் அடியுங்கள். துகள் படியும் கோணம் மாறினால் ஒரே குப்பிப் பெயிண்டே இரண்டு நிறமாகத் தெரியும். மெட்டாலிக்கை ஒருபோதும் நேரடியாகத் தேய்க்காதீர்கள். துகள் வெட்டுப்பட்டு கருந்திட்டாகும். தேய்ப்பு முழுவதும் கிளியரின் மேல்தான்.

உலர்த்த, கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல மரப்பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு போட்டுக்கொள்ளலாம். அடித்து ஒரு மணி நேரம் வெளியே வைத்து ஆவி போனபிறகே உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் தீ ஆபத்து. வெப்பமானி 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மெல்லிய தூண்கள் வளையத் தொடங்கும்.

டெக்காலும் கிளியரும்

டெக்காலை (நீரில் நனைத்து ஒட்டும் படச் சீட்டு) வெதுவெதுப்பான பேட்டரி தண்ணியில் ஊறவைத்து, மார்க் செட்டர் (ஒட்ட உதவும் திரவம்) தடவிய இடத்தில் இறக்கி, பஞ்சு முனையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை ஒற்றுங்கள். வளைவில் மார்க் சாஃப்டர் (டெக்காலை இளக்கும் திரவம்) ஒரு சொட்டு. குறைந்தது ஒரு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள் உலரட்டும். அடியில் ஈரம் மாட்டினால் கிளியருக்குப் பின் வெள்ளித் திட்டாகத் தெரியும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

லாக்கர் கிளியருக்கு மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100 நல்ல தேர்வு. டாமியா எல்பி-9ம் ஆகும். ஒன்றுக்கு ஒன்றரை லெவலிங் தின்னர், 18 பிஎஸ்ஐ. முதல் மூன்று கோட் தூறல் மட்டும், ஒவ்வொன்றுக்கும் இடையே 20 நிமிடம். எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் கரைப்பான் டெக்காலைச் சுருட்டிவிடும். மறுநாள் இரண்டு ஈர கோட், அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றினால் மேலே தோல் கட்டி, உள்ளே கரைப்பான் மாட்டி, ஒரு மாதம் கழித்துப் பேனல் கோட்டோரம் சுருங்கும்.

டிங்கரிங் பெயிண்டிங் பட்டறையில் நிஜ கார்களுக்கு அடிக்கும் 2கே கிளியர் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பது) இரண்டு கோட்டிலேயே கண்ணாடிபோல் நிற்கும். ஆனால் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. அதன் ஆவியைச் சுவாசித்து ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு அளவே ஆஸ்துமாவைத் தூண்டும். வாசனை வராததால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும் தெரியாது. படுக்கையறையில், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் மட்டும், டப்பாவில் போட்ட விகிதத்தில், பெரும்பாலும் கிளியர் 2க்கு ஹார்டனர் 1, மில்லி கணக்கில் சிரிஞ்சால் அளந்து கலக்குங்கள். ஒரு பாடிக்குச் சுமார் 15 மி.லி. கலவை போதும். நம் ஊர் ஈரம் இங்கேயும் விளையாடும்: ஹார்டனர் தண்ணீரோடு வினைபுரிந்து வாயு விடுவதால், டேங்க்கில் தண்ணீர் இருந்தால் கிளியர் முழுக்க ஊசிமுனைக் குமிழ் வரும். திறந்த ஹார்டனர் டப்பா சீக்கிரம் கட்டிப்போகும், சிறிய டப்பாவே வாங்குங்கள்.

எனது தீர்ப்பு கேட்டால் லாக்கர் கிளியர்தான். பொறுமை கூடுதலாகக் கேட்கும். தப்பினால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு நாள் ஊறப்போட்டுச் சுரண்டித் திரும்பத் தொடங்கலாம். 2கேயில் அந்த வழி கிடையாது.

தேய்ப்பு, பாலிஷ்

லாக்கர் கிளியர் தேய்க்கத் தயாரா என்பதை மூக்கு சொல்லும். மூடிய டப்பாவில் ஒரு இரவு வைத்துத் திறந்து முகருங்கள். தின்னர் வாசனை வந்தால் இன்னும் ஆகவில்லை. கோடையில் ஒரு வாரம், சாரல் காலத்தில் இரண்டு வாரம் பிடிக்கும். 2கேக்கு இரண்டு நாள்.

2000 வாட்டர் பேப்பரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்புடன், சிறிய ரப்பர் துண்டில் சுற்றி நேர்கோட்டில் தேயுங்கள். முழுப் பரப்பும் ஒரேபோல மங்கலாகும்வரை. மின்னும் புள்ளி மிஞ்சினால் அங்கே பள்ளம் இருக்கிறது. பானட் ஓரம், கதவு மடிப்பு, மட்கார்டு முனை ஆகியவற்றில் கிளியர் தானாகவே மெலிந்திருக்கும். அங்கே மெல்லிய டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். தேய்க்கும் தண்ணீரில் நிறம் கலந்தால் உடனே நிறுத்துங்கள், கிளியர் போய்விட்டது.

பிறகு 3000, 4000. அதன்பின் கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ் என்று மூன்று காம்பவுண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. ஒரே துணியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் கோர்ஸின் துகள் கடைசிவரை கீறிக்கொண்டேயிருக்கும். பத்மநாபபுரம் அரண்மனையின் கரிய தரையில் சாளர வெளிச்சம் விழுவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், சாளரத்தின் ஓரம் நெளியாமல் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. காரின் கூரையிலும் டியூப் லைட்டின் ஓரத்தை அப்படியே பாருங்கள். நெளிந்தால் 2000க்குத் திரும்ப வேண்டும், பாலிஷால் தீராது.

கோடுகளில் சேர்ந்த வெள்ளைக் காம்பவுண்டை சோப்புத் தண்ணீரும் பல்துலக்கியும் விட்டு எடுத்தபின் பேனல் லைன் மை விடுங்கள். வெள்ளை, மஞ்சள் கார்களுக்குக் கருப்பு கொச்சையாக இருக்கும். சாம்பல் அல்லது பழுப்பு. எனாமல் தின்னர் தொட்ட பஞ்சால் கோட்டுக்குக் குறுக்காகத் துடையுங்கள். பெயிண்ட் படாத பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் தேங்கினால் விரிசல் விடும்.

ஓரங்கள், குரோம், கண்ணாடி

ஜன்னல் ரப்பருக்கு 2 மி.மீ. மாஸ்க்கிங் டேப் ஒட்டி, டேப் ஓரத்தில் முதலில் கிளியர் ஒரு தூறல். அது டேப்பின் இடுக்கை அடைத்துவிடும். அதன்மேல் அரைப்பளபளப்புக் கருப்பு, 12 பிஎஸ்ஐ. டேப்பை அன்றே எடுங்கள். ஈர நாட்களில் இரண்டு மூன்று நாள் விட்டால் பசை பாடியிலேயே தங்கும்.

ஜன்னலோரக் குரோமுக்கு உலோகத் தாள் ஒட்டி, புதிய பிளேடால் வெட்டுவது நல்லது. மொலோடோ குரோம் பேனா சுலபம். ஆனால் நாள்கணக்கில் தொடாமல் விட வேண்டும், மேலே கிளியர் அடித்தால் வெறும் சாம்பலாகும். கிட்டில் வரும் குரோம் பூச்சு பிடிக்கவில்லையென்றால் துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைத்தால் கழன்றுவிடும். அதில் கழிவறை ஆசிட் எதையும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

கண்ணாடிப் பாகங்களுக்கு சயனோ பசை கூடாது. ஆவி படிந்து வெள்ளையாகும். வெள்ளை ஃபெவிகால் உலர்ந்தால் நிறமின்றி நிற்கும், வழிந்தால் ஈரத்துணியால் போகும். உலர ஒரு இரவு கொடுங்கள்.

ஏர்பிரஷ் கழுவுதல்

ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் கப்பில் தின்னர் விட்டு, நாசில் முனையை டிஷ்யூவால் அடைத்துப் பின்காற்று விடுங்கள். நாள் முடிவில் ஊசியைப் பின்பக்கமாக உருவித் துடைத்து, நாசிலைக் கழற்றித் தின்னரில் ஊறவையுங்கள். முழு ஏர்பிரஷ்ஷையும் ஊறப்போட்டால் ரப்பர் வளையங்கள் உப்பிவிடும். நாசிலை விரலால் திருகும் அளவுக்கு மேல் இறுக்கினால் கழுத்தில் விரிசல் விடும்; கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல், அடுத்த முறை கப்பில் குமிழ் குமிழாக எழும்பிக் காட்டிக்கொடுக்கும். கடலோர வீடுகளில் ஏர்பிரஷ்ஷை ஸ்டாண்டில் தொங்கவிடாமல், ஊசித் தண்டில் ஏர்பிரஷ் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய டப்பாவில் வையுங்கள். கம்ப்ரசரின் அடி வால்வைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த முறைவரை டேங்க்கில் தண்ணீர் நிற்காது.